இடது கையை யாரிடமும் கொடுக்காதீர்கள்: நெல்லைக்கு வரும் டயாலிசிஸ்காரர்களுக்கு

ஊருக்கு டிக்கெட் போடும்போதே டயாலிசிஸுக்கும் இடம் பேசி வைத்திருப்பீர்கள். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலர் கேட்க மறந்துவிடுவது வேறொன்று: ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு இரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம்) அடைத்துக்கொண்டால் அதை யார் சரிசெய்வார்? டயாலிசிஸ் மெஷின் இருக்கிற இடத்திலெல்லாம் இரத்தக்குழாய் சர்ஜன் இருக்கமாட்டார். அடைப்பு விழுந்தால் ஓரிரு நாளுக்குள் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் அந்த ஃபிஸ்டுலா கிடைக்காமலே போகலாம். பாளையங்கோட்டையிலேயே பார்ப்பார்களா, மதுரைக்கு அனுப்புவார்களா என்று புறப்படும் முன்பே கேளுங்கள். மதுரை என்றால் காரில் மூன்று மணி நேரம்.

நீங்கள் வழக்கமாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் யூனிட்டில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசியின் அளவு, எந்தப் பக்கம் பார்த்துக் குத்துவது, ஒரே துளையிலா மாற்றி மாற்றியா, ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு, டிரை வெயிட் (கூடுதல் நீர் போன பிறகு இருக்க வேண்டிய எடை), ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. முடிவுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். திரும்பிப் போனதும் அங்கே மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சில நாடுகளில் முடிவு தெளிவாகும்வரை தனி மெஷினில்தான் போடுவார்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ஊருக்கு வந்தபின் பெரிய ஆபத்து பாசம்தான். எனக்கு ஃபிஸ்டுலா இடது கையில். வந்து இறங்கியதும் அந்தக் கையைப் பிடித்து இழுத்துதான் உட்கார வைப்பார்கள். கோயிலில் ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்று கயிறு கட்டுவார்கள். வளைகாப்பு வீட்டில் இறுக்கமான கண்ணாடி வளையலை ஏற்றிவிடுவார்கள். “ஏன்யா வெறுங்கையோட இருக்க?” என்று அத்தை கேட்டால், மற்றக் கையை நீட்டுங்கள். சோர்வாக இருக்கிறது என்று தெருமுனை கிளினிக்குக்குப் போனால், கேட்பதற்குள் பிபி பட்டையைச் சுற்றி, ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ்’ ஏற்றப் பார்ப்பார்கள். எனக்கே ஒரு முறை பட்டையைச் சுற்றி, காற்றடிக்கப் போகும்போதுதான் கவனித்துக் கையை உருவிக்கொண்டேன். அந்தக் கையில் பிபியும் கூடாது, ஊசியும் கூடாது. பாட்டில் ஏற்றினால் உடம்பில் நீர் வேறு கூடிவிடும். வீக்கத்துக்கு என்று பச்சிலை அரைத்துப் பற்றுப் போட வருபவர்களையும் அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் ஃபிஸ்டுலாமேல் விரல் வையுங்கள். ஓடுகிற கிரைண்டர்மேல் கை வைத்ததுபோல அதிர வேண்டும். அந்த அதிர்வு போய் வெறும் நாடித்துடிப்பு மட்டும் தெரிந்தாலோ, ஊசி எடுத்த பிறகு வழக்கத்தைவிட அதிக நேரம் இரத்தம் நிற்காவிட்டாலோ, உள்ளே எங்கோ இரத்தக்குழாய் குறுகிக்கொண்டிருக்கலாம். அதிர்வு, துடிப்பு ஒன்றுமே தெரியவில்லை என்றால் அடுத்த டயாலிசிஸ்வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். சித்திரை வெயிலில் வியர்த்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்து பிபி இறங்கினால் அடைப்பு விழ அதுவே போதும். அதற்காக இளநீரும் பதநீரும் குடித்துவிடாதீர்கள். அவற்றில் இருக்கும் பொட்டாசியம் நமக்கு ஆகாது.

ஃபிஸ்டுலாவுக்குப் பதில் கழுத்திலோ மார்பிலோ டயாலிசிஸ் குழாய் வைத்திருப்பவர்களுக்குக் குற்றாலம் இல்லை. பாபநாசத்தில் தாமிரபரணியில் முங்குவதும் இல்லை. சாரலை ஓரமாக நின்று பார்க்கலாம். கட்டு நனைந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். குழாயின் மூடியை டயாலிசிஸ் நர்ஸ் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது, இரத்தம் எடுக்க என்றாலும்கூட. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது இரத்தத்தில் கலந்த தொற்றாக இருக்கலாம்.

இன்னொன்று, இரத்தப்போக்கு. ஃபிஸ்டுலாமேல் தோல் மெலிந்து பளபளத்தாலோ, ஊசித் துளைப் பொருக்கு ஆறாமல் இருந்தாலோ பயணத்தைத் தள்ளிப்போட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஊரில் இருக்கும்போது பீறிட்டால் துண்டைச் சுற்றாதீர்கள். துண்டு இரத்தத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது. துளைமேல் விரலை வைத்து அழுத்திக் கையை உயரத் தூக்குங்கள், வேறொருவர் 108ஐ அழைக்கட்டும். விரலில் நிற்காவிட்டால் தண்ணீர் பாட்டில் மூடியின் குழிந்த பக்கத்தை அதன்மேல் கவிழ்த்து அழுத்தலாம். இதை வீட்டில் ஒருவருக்காவது முதல் நாளே செய்து காட்டிவிடுங்கள். நான் சித்தி மகளுக்குக் காட்டி வைத்திருக்கிறேன். அவளிடம்தான் இப்போது என் கடிதத்தின் நகலும் இருக்கிறது.