முதுகு வலி இருக்கவங்க சர்வீஸ் பெஞ்சுக்கு சேர் வாங்குறது எப்படி: முதல்ல டேப்பை எடுத்து பெஞ்சை அளங்க

மொபைல் போர்டு பாக்குறவங்க, வாட்ச் ரிப்பேர் பண்றவங்க, நகைப்பட்டறைல உக்கார்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வலிதான் இது. சாயங்காலம் கடை சாத்த எந்திரிச்சா இடுப்பு நிமிரவே நிமிராது, பெஞ்சைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் நின்னாதான் நடக்கவே வரும். எனக்கு அப்படி ஆரம்பிச்சு ஒரு நாள் இடது கெண்டைக்கால் வரைக்கும் சுண்டி இழுத்துச்சு, ஸ்கேன் எடுத்தா எல்4-எல்5ங்கற கீழ்முதுகு எலும்பு ரெண்டுக்கும் நடுவுல இருக்க மெத்தை மாதிரி டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷத்துல மூணு சேர் மாத்திட்டேன். இப்போ வலி இல்லாம ஒரு நாள் வேலையை முடிக்க முடியுது, அதனாலதான் எழுதுறேன்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். பாதத்தை மேல தூக்க முடியல, தொடை இடுக்குல மரத்துப் போச்சு, யூரின் அடக்க முடியல, இந்த மாதிரி எதாவது இருந்தா சேர் தேடிக்கிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க.

ஏன் குனியக் கூடாதுன்னா, ஸ்வீடன்ல நாகெம்சன்னு ஒரு எலும்பு டாக்டர் 1960, 70கள்ல டிஸ்க்குக்குள்ளயே ஊசியை விட்டு அழுத்தத்தை அளந்திருக்காரு. நிக்கும்போது 100ன்னு வெச்சா நிமிர்ந்து உக்காந்தா 140, முன்னாடி குனிஞ்சு உக்காந்தா 185. 1999ல ஜெர்மனில வேற ஒரு டீம் திரும்ப அளந்தப்போ, நல்லா சாஞ்சு தளர்வா உக்காந்தா நிக்கிறதை விடக் கொஞ்சம் கம்மின்னுகூட வந்துச்சு, ஆனா குனிஞ்சா எகிறுதுங்கறது மட்டும் அதுலயும் மாறல. அதனால நமக்கு வேண்டியது மெத்துன்னு இருக்க சேர் இல்ல, நம்மளைக் குனிய விடாத சேர்.

ஸ்டெப் 1: உங்க உடம்பை அளங்க

கடைல போடுற அதே செருப்போட ஒரு கெட்டியான ஸ்டூல்ல உக்காருங்க, பாதம் முழுசா தரைல பதியணும். தரைல இருந்து முழங்காலுக்குப் பின்னாடி மடிப்பு வரைக்கும் ஒரு அளவு. ஸ்டூல் பலகைல இருந்து மடக்கின முழங்கை வரைக்கும் இன்னொரு அளவு. எனக்கு 17 இன்ச், 9½ இன்ச். வீட்ல யாரையாவது அளக்கச் சொல்லுங்க, நீங்களே குனிஞ்சு அளந்தா தப்பா வரும்.

ஸ்டெப் 2: பெஞ்ச் உயரம் (நான் மாட்டிக்கிட்டது இங்கதான்)

சால்டரிங், ஐசி (போர்டுல இருக்க சிப்) மாத்துறது மாதிரி நுணுக்கமான வேலைக்கு பெஞ்ச் மட்டம் முழங்கையை விட 2ல இருந்து 4 இன்ச் மேல இருக்கணும், அப்பதான் முன்கையைப் பெஞ்சு மேலயே வெச்சுக்கிட்டு கண்ணைக் கிட்ட கொண்டுபோக முடியும். சுத்தியல், அரம் மாதிரி அழுத்திச் செய்ற வேலைன்னா முழங்கைக்குக் கீழ. எனக்கு 17, 9½, கூட 3 சேர்த்தா 29½ இன்ச்.

என் பெஞ்ச் எவ்வளவு தெரியுமா, 36 இன்ச். கடை ஆரம்பிச்சப்போ நின்னுக்கிட்டே வேலை பாக்கலாம்னு இரும்பு ஆங்கிள்ல அடிச்சு வாங்கினது. அந்த பெஞ்சுக்கு எதிர்ல 9,000 ரூபா குடுத்து ஒரு கேமிங் சேர் போட்டேன், ஃபுல்லா ஏத்தினாலே 20 இன்ச்தான் வந்துச்சு. கை எட்டணும்னு தோள் காதுக்கிட்ட வந்துடும், சீட்டோட நுனிக்கு வந்து உக்காருவேன், பின்னாடி இருக்க அந்த பெரிய சாய்மானம் முதுகைத் தொடவே தொடாது. வலி குறையாம கூடினது அதனாலதான், சேர் மேல தப்பே இல்ல.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. பெஞ்சை இறக்கலாம், இல்ல சேரை ஏத்தலாம். நான் முதல்ல ஏத்திப் பாத்தேன், டிராஃப்டிங் ஸ்டூல்னு கேட்டா குடுப்பாங்க, சீட்டை ஏத்தி இறக்குற கேஸ் லிஃப்ட் தண்டு நீளமா இருக்கும், கால் வைக்க ஒரு வளையம் இருக்கும். கணக்குப்படி எனக்கு சீட் 23½ இன்ச்ல, வளையம் தரைல இருந்து 6½ இன்ச்ல நிக்கணும். ஆனா அந்த வளையத்தோட பிளாஸ்டிக் திருகு காலை அழுத்த அழுத்த வழுக்கிக் கீழ இறங்கிடும், கால் தொங்கும், தொடைக்கு அடியில சீட் விளிம்பு வெட்டும், கால் மரத்துப் போகும். ஸ்டூல்தான் வேணும்னா வளையத்தை நம்பாதீங்க, பெஞ்சுக்கு அடியில மரப்பலகைல ஒரு கால்படி அடிச்சுப் போட்டுடுங்க.

என்னைக் கேட்டா பெஞ்சை வெட்டுறதுதான் பெஸ்ட். வெல்டிங் பட்டறைல ஒரு மணி நேர வேலை, நாலு காலையும் 6½ இன்ச் வெட்டி ரப்பர் புஷ் மாட்டிக் குடுத்துட்டாங்க. கிரானைட் மேடை, வாடகைக் கடைன்னா வேற வழியில்ல, ஸ்டூலும் கால்படியும்தான்.

ஸ்டெப் 3: இப்போதான் சேர்

கடைல போய் குறைஞ்சது 15 நிமிஷம் உக்காருங்க, கடைக்காரர் என்ன நெனைப்பாரோன்னு எந்திரிச்சுடாதீங்க. முதுகை நல்லா ஒட்டி உக்காந்ததும் சீட் நுனிக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவுல மூணு விரல் போகணும், போகலன்னா சீட் ஆழம் ஜாஸ்தி, நீங்க முன்னாடி நகர்ந்துதான் உக்காருவீங்க. சாய்மானத்தை மேல கீழ நகர்த்த முடியணும், அதுல இடுப்பைத் தாங்குற மேடு பெல்ட் கட்டுற இடத்துக்குக் கொஞ்சம் மேல பதியணும். கைப்பிடி வேண்டவே வேண்டாம், அது பெஞ்ச் விளிம்புல இடிச்சு உங்களைத் தள்ளியே உக்கார வைக்கும், இருந்தா ஆலன் கீ போட்டுக் கழட்டிடுங்க.

போர்டு வேலைல எப்படியும் கொஞ்சம் முன்னாடி சாயத்தான் செய்வோம். அதுக்கு வெட்ஜ் குஷன் போடுங்க, தடிச்ச பக்கம் பின்னாடி, மெலிஞ்ச பக்கம் தொடைக்கு. இடுப்பு தானா முன்னாடி சரிஞ்சு நடுமுதுகு வளையாம நிக்கும். குஷன் போட்டா சீட் ஒரு இன்ச்சாவது ஏறும், சேரை அந்த அளவு இறக்கிக்கோங்க, இதை நிறைய பேர் மறந்துடுறாங்க.

ஸ்டெப் 4: மைக்ராஸ்கோப்

சேர், பெஞ்ச் எல்லாம் சரி பண்ணியும் எனக்குக் கழுத்து வலி போகல. காரணம் மைக்ராஸ்கோப்ல கண்ணை வெச்சுப் பாக்குற ஐபீஸ் தாழ்வா இருந்தது, அதுக்காக தலையைக் குனிஞ்சா கூடவே இடுப்பும் குனியும். மைக்ராஸ்கோப்புக்குக் கீழ 0.5எக்ஸ் பார்லோ லென்ஸ்னு ஒரு துணை லென்ஸ் மாட்டினேன், போர்டுக்கும் லென்ஸுக்கும் நடுவுல இடைவெளி 10 சென்டிமீட்டர்ல இருந்து 16 சென்டிமீட்டர் கிட்ட ஆச்சு, மைக்ராஸ்கோப் ஹெட்டைத் தூக்கிக்கலாம், ஐபீஸ் கண்ணுக்கு நேரா வந்துடுச்சு. ஜூம் பாதியாகும், அதை ஐபீஸ் மாத்தி சரி பண்ணிக்கலாம். சால்டரிங் அயர்ன் விட இடமும் தாராளமா கிடைச்சுது.

அப்டேட்: டெய்லரிங் பண்ற ஒரு அக்கா இதைப் படிச்சுட்டு சக்கரம் வெச்ச சேர் வாங்கியிருக்காங்க, மோட்டார் பெடலை மிதிக்க மிதிக்க சேர் பின்னாடி ஓடுதாம், ஓடாம இருக்க இடுப்பை இறுக்கி இறுக்கி வலி ஜாஸ்தியாயிடுச்சு. இது நான் எழுதாம விட்டது, மன்னிச்சுக்கோங்க அக்கா. பெடல் மிதிக்கிறவங்க, டைல்ஸ் தரை இருக்கவங்க சக்கரத்தைப் பிடுங்கிட்டு அதே ஓட்டைல சொருகுற கிளைடுன்னு விக்கிற நிலையான பாதத்தைப் போடுங்க, அஞ்சு வாங்கணும், வாங்கும்போது பழைய சக்கரம் ஒண்ணைக் கைல கொண்டுபோங்க, கம்பியோட தடிமன் ஒத்துப்போகணும். சேர் கொஞ்சம் இறங்கிடும், அதைக் கேஸ் லிஃப்ட்ல ஏத்திக்கோங்க.