ரெட்ரோ மீட்டிங்ல வாயே தொறக்காத டீம், நான் எப்படி சரி பண்ணேன்

ராயபுரத்துல நாங்க 7 பேர் டீம், ஹார்பர் போற கன்டெய்னர் லாரிக்கு டிராக்கிங் ஆப் பண்றோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தபா ரெட்ரோ, அதாவது முடிஞ்ச வேலைல எது நல்லா போச்சு, எது சொதப்புச்சுன்னு டீமா ஒக்காந்து பேசற மீட்டிங், நான்தான் நடத்துவேன். "எது சரியில்லப்பா?"ன்னு கேட்டா "எல்லாம் ஓகேண்ணா"ன்னுட்டு கீழ டீக்கடைல போய் அரை மணி நேரம் பொலம்புவாங்க, செம காண்டாயிடும். அப்புறம்தான் உறைச்சுது, மொதல்ல என் கருத்த நானே கொட்டிட்டா வேற யாரு பேசுவா?

அதனால மொத 10 நிமிஷம் பேச்சே கிடையாது, ஆளுக்கு மூணு சீட்டு, பேரு போடாம எழுதி டப்பால போடணும், நான் கலக்கி படிப்பேன். மொத தபாவே ஒரு சீட்டுல "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் வேணாம், மணலி ரோட்ல லாரி நிக்கறப்போ ஆப்பும் நிக்குது"ன்னு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை ஆப்போட புது வெர்ஷன் விடறது என் முடிவுதான், மூஞ்சி சுருங்கிப் போச்சு, ஆனா வாய மூடினு இருந்தேன். ஓட்டு போட்டு ஒண்ணே ஒண்ணு எடுத்து, யார் பாக்கறது, எந்த தேதிக்குள்ளன்னு போர்டுல எழுதிட்டோம், அடுத்த ரெட்ரோ ஆரம்பமே அந்த லைன்லேர்ந்துதான்.

வேலைய சின்னச் சின்ன சுத்தா பிரிச்சு பண்ற ஸ்க்ரம் முறைல, ஒரு மாச ஸ்பிரிண்ட்டுக்கே (ஒரு சுத்து வேலைக்கு அதான் பேரு) ரெட்ரோ 3 மணி நேரம்தான் உச்சம், எங்களுக்கு 50 நிமிஷம் போதும். டீக்கடைல இப்ப கிரிக்கெட் பேச்சுதான்.