வாடகைக்கு விட வாங்கிய பழைய ஃப்ளாட்டைப் புதுப்பிப்பது எப்படி? முதலில் தண்ணீர், பிறகு கரண்ட், கடைசியில் பெயிண்ட்

சென்னையில் முதல்முறையாக வாடகை வருமானத்துக்கென்று வீடு வாங்குபவர்களில் பலருக்கும் கைக்கு எட்டுவது 25, 30 வருடப் பழைய இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்தான். விருகம்பாக்கமோ நங்கநல்லூரோ, இந்த வயதுக் கட்டிடங்களுக்கு வரும் நோய் ஏறக்குறைய ஒன்றுதான்: பாத்ரூமிலிருந்து கசியும் தண்ணீர், நொந்துபோன ஒயரிங், கம்பி துருப்பிடித்து உதிரும் சீலிங்.

புதிதாக இறங்குபவர்கள் சாவி கிடைத்ததும் பெயிண்டரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். வீடு ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகும், வாடகைக்கு ஆளும் வந்துவிடுவார். அடுத்த மழைக்காலத்துக்குள் பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவரில் பட்டி (பெயிண்டுக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) உப்பி உரியும். அப்போது குடியிருப்பவரின் சாமான்களுக்கு நடுவே டைலை உடைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் வேலையின் வரிசை இவ்வளவு முக்கியம்.

1. ஒரு ரூபாய் நாணயமும் ஒரு டார்ச்சும்

பத்திரம் முடிப்பதற்கு முன்பே ஒரு அரை நாளை வீட்டைப் பார்க்க ஒதுக்குங்கள். வில்லங்கச் சான்று, பிரிக்கப்படாத நிலப் பங்கு, சொத்து வரி ரசீது, அசோசியேஷன் பாக்கி, கரண்ட் பில் பாக்கி எல்லாம் வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார். சுவரை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நாணயத்தால் பாத்ரூம் டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. 'டொக்' என்று கூடு விழுந்த சத்தம் வந்தால் அடியில் கலவை விட்டுப்போயிருக்கிறது, அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். பாத்ரூமுக்கு வெளிப்பக்கச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை டார்ச்சைச் சுவரோடு சாய்த்து அடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத உப்பலும் உப்பு பூத்த இடமும் நிழலாகத் தெரியும். பாத்ரூம் சீலிங்கில் பழுப்பு வட்டம் இருந்தால் அது மேல் வீட்டுத் தண்ணீர். மேல் வீட்டுக்காரரிடம் பேசி அங்கே சரிசெய்யாமல் உங்கள் பக்கம் என்ன பூசினாலும் நிற்காது. பிவிசி ஃபால்ஸ் சீலிங் போட்டு அதை மூடிவிட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது.

2. செலவுக்கு ஒரு உச்சவரம்பு

உங்கள் ரசனைக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. அதே தெருவில், அதே அளவில், நல்ல நிலையில் உள்ள ஃப்ளாட் என்ன வாடகைக்குப் போகிறது என்று மூன்று நான்கு இடத்தில் விசாரியுங்கள். இப்போதைய நிலையில் 14,000 ரூபாய் வரும், சரிசெய்தால் 19,000 வரும் என்று வையுங்கள். கூடுதல் வரவு மாதம் 5,000, வருடம் 60,000. மூன்று லட்சம் செலவழித்தால் திரும்ப ஐந்து வருடம் ஆகும். ஐந்து லட்சம் போட்டால் எட்டு வருடத்துக்கு மேல் இழுக்கும், அதற்குள் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டி வரும். வேலை நடக்கும் மாதங்களின் வாடகை இழப்பையும் செலவோடு சேருங்கள். மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய கட்டிடத்தில் உடைத்த பிறகுதான் பாதி விஷயம் தெரியும்.

வருமான வரியில், வாடகையிலிருந்து சொத்து வரி போக மிச்சத்தில் 30 சதவீதம் பொதுவாகக் கழிக்கப்படுகிறது. ரிப்பேர் செலவை அதற்கு மேல் தனியாகக் கழிக்க முடியாது. ஆனாலும் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டை மேம்படுத்தியதற்கான செலவு, பின்னால் விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் உதவும்.

3. ஆளும் பேச்சும்

மேஸ்திரியிடம் 'மொத்தமாக எவ்வளவு' என்று பேசாதீர்கள். டைல் சதுர அடிக்கு, ஒயரிங் பாயின்ட்டுக்கு, பெயிண்ட் சதுர அடிக்கு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். முதல்முறை என்றால் கூலி மட்டும் ஒப்பந்தமாகப் பேசி, பொருளை நீங்களே வாங்குவது நல்லது. அலைச்சல்தான், ஆனால் ஒயரின் தரமும் பைப்பின் தரமும் உங்கள் கையில் இருக்கும். அட்வான்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கடைசி 10 சதவீதத்தை, வேலை முடிந்து ஒரு மாதம் தண்ணீர் புழங்கிய பிறகு தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அசோசியேஷனுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உடைக்கும் நேரம், ரப்பீஸ் (உடைத்த கழிவு) எங்கே வைப்பது, லிஃப்டில் ஏற்றலாமா என்பதெல்லாம் அங்கேதான் சண்டையாகும். தூண், பீம் இரண்டிலும் கை வைக்கவே கூடாது. தூண் இல்லாமல் செங்கல் சுவரே பாரம் தாங்கும் பழைய கட்டிடமாக இருந்தால் எந்தச் சுவரையும் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

4. பாத்ரூம்: இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண்

இந்த வயதுக் கட்டிடங்களில் பெரும்பாலும் பாத்ரூம் தளத்தை ஒரு அடி வரை இறக்கி, அந்தப் பள்ளத்தில் பைப் போட்டு, உடைந்த செங்கலும் கலவையும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். மேலே டைல் சந்து விட்டால் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். தேங்கிய தண்ணீர்தான் பக்கத்துச் சுவரில் ஓதமாக ஏறுகிறது, கீழ் வீட்டு சீலிங்கில் சொட்டுகிறது. சந்தில் வெள்ளை சிமென்ட் அடைப்பதெல்லாம் சில மாதத்து வைத்தியம். ஓதம் இருக்கிறது என்றால் பள்ளம் வரை உடைத்துத்தான் ஆக வேண்டும்.

உடைத்து, கான்கிரீட் தளம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். பைப் தளத்தையோ சுவரையோ துளைத்துப் போகும் இடங்கள்தான் முதல் எதிரி. அங்கே சுற்றிலும் கொத்தி, சுருங்காத கிரவுட் (இடைவெளி அடைக்கும் சிமென்ட் கலவை) வைத்து அடையுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையை 90 டிகிரியாக விடாமல் கலவையால் வளைவாக உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலையில்தான் வாட்டர்புரூஃப் பூச்சு முதலில் வெடிக்கும். சிமென்ட்டோடு பாலிமர் திரவம் கலக்கும் இரட்டைப் பொருள் பூச்சை இரண்டு கோட் அடியுங்கள், இரண்டாவதை முதல் கோட்டுக்குக் குறுக்காக. தளம் முழுக்க, சுவரில் ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் ஆறடி உயரம். டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

இனி சோதனை. வெளியேறும் பைப்பை அடைத்து, வாசலில் செங்கல் வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதுங்கள். 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெயிலில் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) இறங்குவது ஆவியாதல், அரை அங்குலம் இறங்கினால் ஓட்டை. கூடவே கீழ் வீட்டு சீலிங்கையும் போய்ப் பாருங்கள். பள்ளத்தை நிரப்பி மேல்தளம் போட்ட பிறகு, டைலுக்கு முன் இன்னொரு முறை பூச்சு அடித்து இதே சோதனையைச் செய்யுங்கள். 'ரெண்டு நாள் வேலை நிக்குது சார்' என்று மேஸ்திரி சொல்வார். நிற்கட்டும்.

பைப் வேலை: சுவரில் காடி வெட்டி, வெந்நீருக்கு சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்), மெயின் லைன் முக்கால் அங்குலம், குழாய்க்கு அரை அங்குலம். குழாய் மாட்டும் முனைகளுக்குப் பித்தளை மறை உள்ள எல்போதான் (வளைவு இணைப்பு). ஒட்டி 24 மணி நேரம் கழித்து, கைப்பம்பு மாட்டி 10 கிலோ அழுத்தம் ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் முள் அசையக் கூடாது. இதற்கு முன் காடியை மூட விடாதீர்கள், மூடும் முன் படம் எடுத்து வையுங்கள்.

வாடகை வீட்டுக்குச் சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் வால்வு) வேண்டவே வேண்டாம். கெட்டால் டைலை உடைக்க வேண்டும். வெளியே தெரியும் வால் மிக்ஸர் (வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாய்) போடுங்கள். அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே சரியாக ஆறு அங்குலம், இடது பக்கம் வெந்நீர். முனைகள் முடிந்த டைலின் முகத்தோடு சமமாக இருக்க வேண்டும். உள்ளே அமுங்கிவிட்டால் பிளம்பர் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போடுவார், கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் பெரிய ரெயின் ஷவர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். சாதாரண ஷவர் போதும்.

வெஸ்டர்ன் டாய்லெட் வாங்குவதற்கு முன், சுவரிலிருந்து கழிவுத் துளையின் நடு வரை அளக்க மறக்காதீர்கள். ஒன்பது அங்குலமா, பன்னிரண்டா என்பதைப் பொறுத்து மாடல் மாறும். புது டைலும் கலவையும் ஏறினால் அந்த அளவில் ஒரு அங்குலம் வரை குறையும். பழைய சுவரில் அளந்து வாங்கிய பீங்கான், டைல் ஒட்டிய பிறகு உட்காராமல் போவது இதனால்தான்.

தரை வாட்டம் அடிக்கு ஒரு நூல். வாசலிலிருந்து நானி டிராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் ஜாலித் துளை) ஆறடி தள்ளி இருந்தால் முக்கால் அங்குலம் இறங்க வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி ஆன்டி ஸ்கிட் டைல் போட்டால் வாட்டம் எடுப்பது சுலபம். பெரிய டைல் நான்கு பக்கமும் சரியாது. சந்துக்கு எபாக்ஸி கிரவுட் பூசுங்கள்.

5. ஒயரிங்

பழைய அலுமினிய ஒயரோ பீங்கான் ஃபியூஸ் கேரியரோ இருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். பாதியை மட்டும் மாற்றி இரண்டையும் முறுக்கி இணைத்தால் அந்த முடிச்சு சூடாகிக் கருகும். விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) 6 அல்லது 10 ஆம்பியர். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5. ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4, எம்சிபி 20. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று எம்சிபியை மட்டும் பெரிதாக்கும் எலக்ட்ரீஷியனை நிறுத்துங்கள். எம்சிபி காப்பது ஒயரைத்தான்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பை உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். குழந்தை ஈரக்கையோடு கீசர் ஸ்விட்சைத் தொடும் வீடு இது. பச்சை எர்த் ஒயர் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் வந்தால் மட்டும் போதாது, அது கீழே எர்த் குழியோடு உண்மையில் சேர்ந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஏசி இல்லாவிட்டாலும் இரண்டு பெட்ரூமிலும் ஏசி பாயின்ட்டும், சுவரில் பைப் துளையும் விட்டு வையுங்கள். துளை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருக்கட்டும்.

காடி மூடும் இடத்திலும், தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்திலும் கோழிவலை அடித்துப் பூசினால் விரிசல் குறையும்.

6. உதிரும் சீலிங்

துருப்பிடித்த கம்பி வீங்கிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றால் இது வேகமாக நடக்கும். தொங்குவதைத் தட்டிவிட்டு மேலே பூசினால் சீக்கிரமே மொத்தமாக விழும், ஆள் தலையிலும் விழும். கம்பியின் பின்பக்கம் விரல் போகும்வரை கொத்தி, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து எடுத்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பிணைப்புத் திரவம் தடவி அது காய்வதற்குள் பாலிமர் கலந்த 1:3 கலவையை (சிமென்ட் ஒன்று, மணல் மூன்று) மெல்லிய அடுக்குகளாக ஏற்றுங்கள். கம்பி கண்ணுக்குத் தெரியுமளவு இளைத்திருந்தால் மேஸ்திரி வேலை இல்லை, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

7. சமையலறை, தரை

மேடை 32 முதல் 34 அங்குல உயரம், இரண்டடி அகலம், கறுப்பு கிரானைட். சிங்க் அடியில் பார்ட்டிக்கிள் போர்டு போடாதீர்கள், ஒரு கசிவில் ஊதிவிடும். பிவிசி அல்லது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) கதவு போதும். கரையான் தடம் இருந்தால் மர வேலைக்கு முன்பே சுவரோரம் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கிவிடுங்கள்.

ஹால் தரை மொசைக் என்றால் பாலிஷ் போட்டுப் பாருங்கள், டைல் செலவு மிச்சம். பழைய தரை மேலேயே டைல் ஒட்டினால் மட்டம் அரை அங்குலம் உயரும், எல்லாக் கதவின் அடியையும் சீவ வேண்டும். இரண்டுக்கு இரண்டு டைல் பெட்டிக்கு நான்கு, அதாவது 16 சதுர அடி. சேதாரத்துக்கு 7 சதவீதம் கூட்டி, அதே பேட்ச் நம்பரில் ஒரு பெட்டி அதிகமாக வாங்கிப் பரணில் போடுங்கள்.

8. இப்போதுதான் பெயிண்ட்

புதுப்பூச்சு ஒரு வாரம் தண்ணீர் குடித்து, பிறகு நன்றாகக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காய நாள் பிடிக்கும் என்பதால் தை மாதத்தில் வேலை தொடங்குவது வசதி. சந்தேகமான சுவரில் ஒரு அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பட்டி வைக்கக் கூடாது.

பெயிண்டர் அளவு சொல்லும்போது, தரைப்பரப்பைப் போல மூன்றரை மடங்கு என்பது சீலிங்கோடு சேர்ந்த பொதுக் கணக்கு. 600 சதுர அடிக்கு 2,100. அதைத் தாண்டிச் சொன்னால் டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். பட்டி இரண்டு கோட், பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு. எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம் அடித்து, அந்த ஷேடு நம்பரைக் குறித்து வைத்தால் அடுத்த முறை ஒரு சுவரை மட்டும் தொட்டுவிட்டு முடிக்கலாம்.

9. சாவி கொடுக்கும் நாள்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். சென்னையின் பழைய பத்து மாத வழக்கத்தை நம்பி உங்கள் செலவுக் கணக்கைப் போடாதீர்கள்.

குடிவருபவரோடு வீட்டைச் சுற்றி வந்து, ஒவ்வொரு குழாயையும் திறந்து காட்டி, ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அவரையே அழுத்தச் சொல்லுங்கள். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டி, அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். காடி மூடுவதற்கு முன் எடுத்த பைப், ஒயர் படங்களின் பிரதி ஒன்றை அவரிடமும் கொடுத்துவிடுங்கள். சாமி படத்துக்கு ஆணி அடிக்கும் இடம் அவருக்கு அன்றைக்கே தெரிய வேண்டும்.