சோளகத்தில் சேர்விஸ் அடிக்க

கிளிநொச்சிப் பக்கம் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் கரப்பந்துத் திடலில் பாதி சேர்விஸ் வெளியேதான். என்னுடையது பக்கத்து வளவுக்குள்ளேயே போயிருக்கிறது. பிழை அடியில் இல்லை, பந்தை எறிவதில். தலைக்கு மேல் ஒரு முழத்துக்குள் எறியுங்கள். உயரம் கூடினால் காற்று இழுத்துவிடும். உள்ளங்கையை விறைப்பாக வைத்து, பந்தின் நடுவில் 'டப்' என்று தட்டி, கையை அங்கேயே நிறுத்துங்கள். சுழலாத பந்து எதிர்காற்றில் ஆடி ஆடி இறங்கும், எடுப்பவர் பாடு திண்டாட்டம்தான். பின்காற்றில் இது சரிவராது. மணிக்கட்டை மடக்கி மேற்பக்கமாகச் சுழற்றி அடித்தால்தான் பந்து கோட்டுக்குள் விழும். விசில் ஊதியபின் 8 செக்கன் இருக்கிறது, அவசரம் வேண்டாம். அப்புறம், ஆளை நோக்கி அடிக்காமல் இருவருக்கு நடுவே குறிவையுங்கள். "நீ எடு, நான் எடு" என்பதற்குள் பந்து மண்ணில் கிடக்கும்.