இரட்டைத் தலை டிராகனுக்கு உயிர் கொடுப்பது எப்படி

கதையிலோ விளையாட்டிலோ இரட்டைத் தலை டிராகனைக் கொண்டுவருகிறவர்கள் பலர், சாதாரண டிராகன் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் இன்னொரு கழுத்தை ஒட்டிவிட்டு, நெருப்பு இரண்டு மடங்கு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நண்பர்களோடு ஆடிய ஆட்டத்தில் என் டிராகன் வந்த வேகத்திலேயே செத்துப்போனது, இப்போது கேட்டால் ஒருத்தருக்கும் அது ஞாபகமில்லை.

முதலில் வயிறு ஒன்றா இரண்டா என்று முடிவு பண்ணுங்கள், தலையெல்லாம் அப்புறம். பஞ்சதந்திரத்தில் வரும் இரட்டைத் தலைப் பறவைக்கு வயிறு ஒன்றுதான். கிடைத்த நல்ல பழத்தை ஒரு தலை பங்கு தராமல் தின்றுவிட, அந்தக் கோபத்தில் இன்னொரு தலை விஷக் கனியைத் தின்னும், இரண்டும் சாகும். யார் தின்றாலும் நிறைவது ஒரே வயிறு, சரி, ஆனால் நாக்கு இரண்டாயிற்றே! ருசி பார்க்காத தலைக்கு வயிறு நிறைந்தாலும் ஆத்திரம் அடங்காது. உங்கள் டிராகனின் பாதிக் குணம் இங்கிருந்தே கிடைத்துவிடும்.

இது வெறும் கற்பனை இல்லை. நிஜத்தில் பிறக்கும் இரட்டைத் தலைப் பாம்புகளும் இரைக்காக ஒன்றோடொன்று சண்டை போடும், அதனால் வளர்ப்பவர்கள் தீனி கொடுக்கும்போது நடுவில் அட்டை வைத்து மறைப்பதுண்டு. (நம்மூர் இருதலை மணியனை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு ஒரு தலைதான், மொண்ணை வால் இன்னொரு தலை மாதிரித் தெரியும், அவ்வளவே.) டிராகன் முன்னால் ஒரே ஒரு ஆட்டை விட்டுப் பாருங்கள். இடது தலை பின்னங்காலைக் கவ்வும், வலது தலை கொம்பைப் பிடித்து இழுக்கும், இரண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உறுமும். வாயில் ஆடு இருப்பதால் நெருப்பும் விட முடியாது. உங்கள் வீரன் கிட்டே போக இதைவிட நல்ல நேரம் கிடையாது.

அடுத்தது உடம்பு யார் பேச்சைக் கேட்கும் என்பது. நான் இடது இறக்கையை இடது தலைக்கும் வலது இறக்கையை வலது தலைக்கும் கொடுத்துவிடுவேன். மனஸ்தாபம் வந்தால் நேராகப் பறக்க முடியாமல் வானத்தில் வட்டமடிக்கும், கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தே அன்றைக்கு ஆடுகளை வெளியே விடலாமா என்று முடிவு செய்வார்கள். நுரையீரலைப் பொதுவாக வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஊதும்போது நெருப்பு பாதித் தூரம்தான் போகும்.

பலவீனம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஜெனீவா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1997-ல் பிறந்த ஜானஸ் என்ற ஆமைக்குத் தலை இரண்டு, இதயமும் இரண்டு, ஓடு மட்டும் ஒன்று. தலைகளை உள்ளே இழுத்துக்கொள்ள அதில் இடமில்லை, காட்டில் பிறந்திருந்தால் எதற்காவது இரையாகியிருக்கும். இதைப் படித்த பிறகு என் டிராகனின் குகை வாசலைக் குறுக்கிவிட்டேன். உடம்பைத் திணித்த பிறகு ஒரு கழுத்துதான் உள்ளே போகும், இன்னொன்று வெளியேதான் கிடக்க வேண்டும். டால்பின் தூங்கும்போது மூளையில் ஒரு பாதி விழித்திருக்குமே, அதுபோல வெளியே இருக்கிற தலைக்குக் காவல் வேலை.

யார் உள்ளே, யார் வெளியே? முட்டையிலிருந்து எந்தத் தலை முதலில் வந்ததோ அது அண்ணன், அதற்கே முன்னுரிமை என்று வைத்தேன். அப்புறம் வசனம் எழுத நான் மெனக்கெடவே இல்லை. மழைக்கால ராத்திரி, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தம்பித் தலை உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னது: “அண்ணே, நேத்தும் நான்தானே நனைஞ்சேன்?”

உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் மட்டும், கொஞ்சம் பொய்யாக.