மரப்பலகையில் மரத்தின் பெயர்: மாணவர்களுக்கு 3018 சிஎன்சி பழக்கும் முறை

எங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். ஆய்வகத்தில் 3018 சிஎன்சி ஒன்று இருந்தது. கணினி தரும் கட்டளைப்படி சுற்றும் முனையால் மரத்தைச் செதுக்கும் சிறிய இயந்திரம் அது. முதல் பலகை வீணானது, ஆறாவது பலகை நன்றாக வந்தது. நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இயந்திரத்தின் பாகங்களைப் பொருத்தி, கணினியில் டிரைவர் மென்பொருள் போட்டு, கணினியோடு இணைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

தச்சுப் பட்டறையில் கழித்துப் போடும் தேக்குத் துண்டு, 150 × 60 மி.மீ., 12 மி.மீ. கனம். பிளைவுட் வேண்டாம், மேல் அடுக்கு பெயர்ந்து வரும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்யும் பலகை) சீராகச் செதுக்க வரும், ஆனால் மழையில் ஊதிவிடும். அதன் தூசும் மிக நுண்ணியது. 60 டிகிரி வி-பிட் (V வடிவக் கூர்முனை உள்ள செதுக்கும் அலகு) ஒன்று வாங்குங்கள். இயந்திரத்தோடு வரும் 20 டிகிரி ஊசிமுனை பிட், சர்க்யூட் போர்டுக்கானது. மரத்தில் அதன் கோடு மெலிதாக விழும், முனையும் சட்டென்று ஒடியும்.

மென்பொருள் இரண்டே போதும்: வரைய இங்க்ஸ்கேப், இயந்திரத்தை ஓட்ட யூனிவர்சல் ஜிகோட் சென்டர் (Universal Gcode Sender). இரண்டும் இலவசம், இணையம் இல்லாமலே ஓடும். சென்டரில் உள்ள டிசைனர் பகுதியே ஜிகோடையும், அதாவது இயந்திரத்தை நகர்த்தும் கட்டளை வரிகளையும், எழுதித் தரும். பள்ளியில் இணையம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் இணையத்தை நம்பி இயங்கும் எதையும் நான் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை.

படி 1: எழுத்து

'கொன்றை' என்று இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்யுங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், தடித்த வகை, உயரம் 18 மி.மீ. அதற்குக் குறைந்தால் 'சு', 'ண' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அப்புறம் பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள், குழுவைப் பிரித்துவிடுங்கள் (அன்குரூப்), யூனியன் கொடுங்கள். எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள்.

எழுத்தை இங்க்ஸ்கேப்பிலேயே அடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சிஎன்சி மென்பொருளின் எழுத்துக் கருவியில் நேராக அடித்தபோது 'கொ'வின் கொம்பு தனியாக, கால் தனியாகப் போய் நின்றது. பாதையாக மாற்றிவிட்டால் அது வெறும் கோடு, உடைய வழியில்லை.

படி 2: பாதை

எஸ்விஜியை டிசைனரில் திறந்து, கோட்டின் மேலேயே வெட்டும் ஆன் பாத் வகையைத் தேருங்கள். ஆழம் 0.5 மி.மீ., நகரும் வேகம் நிமிடத்துக்கு 300 மி.மீ., உள்ளே இறங்கும் வேகம் 100. இந்தச் சின்ன மோட்டாருக்கு அவசரம் ஆகாது.

படி 3: இசட் ஜீரோ

பிட்டின் முனை பலகையின் மேற்பரப்பைத் தொடும் உயரத்தைப் பூஜ்ஜியமாகக் குறிப்பதுதான் இசட் ஜீரோ. இங்கேதான் நான் சறுக்கினேன். முதல் பலகை 'பூவரசு'. 'பூ' ஆழமாக இறங்கியது, 'வ' பரவாயில்லை, 'ர' மங்கல். "சார், 'சு' எங்க சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். மரத்தில் வெறும் கீறல்தான் இருந்தது. பிட் மழுங்கிவிட்டதென்று நினைத்து புதிது மாற்றினேன், அதே கதை. உண்மையில் பலகையின் வலது ஓரம் 0.35 மி.மீ. தாழ்ந்திருந்தது.

வி-பிட்டில் ஆழம்தான் அகலம். 60 டிகிரி முனை 0.5 மி.மீ. இறங்கினால் கோடு ஏறக்குறைய 0.58 மி.மீ. அகலம் வரும். 0.35 தாழ்ந்த இடத்தில் அது 0.15 மட்டுமே இறங்கும், கோடு 0.17 மி.மீ. ஆகிவிடும். கண்ணுக்கே தெரியாது.

இப்போது மாணவர்கள் செய்வது இது. பலகையை இருபக்க ஒட்டு நாடாவில் ஒட்டி, ஓரங்களில் கிளாம்ப் போடுகிறார்கள். பிட்டுக்கும் பலகைக்கும் நடுவே சாதாரண ஏ4 தாளை வைத்து, 0.1 மி.மீ. வீதம் இறக்குகிறார்கள். தாளை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விரலில் லேசாகப் பிடிக்கும் ஓர் இடம் வரும், அங்கே நிறுத்தி இசட் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதை நான்கு மூலையிலும் செய்ய வேண்டும். வித்தியாசம் 0.1க்கு மேல் இருந்தால், தாழ்ந்த மூலைக்கு அடியில் தாள் துண்டுகளைச் செருகி மறுபடி அளக்க வேண்டும். ஏ4 தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ. கனம், எங்கள் பூவரசுக்கு மூன்று பிடித்தது. கடைசியாக, எழுத்து தொடங்கும் மூலையில் தாள் பிடிக்கும் இடத்தில் எக்ஸ், ஒய் (இட-வலம், முன்-பின்) ஜீரோவைக் குறித்து, 0.1 இறக்கி இசட் ஜீரோ.

பிட்டைக் கழற்றி மாட்டினால் இசட் ஜீரோவை மட்டும் புதிதாக எடுக்க வேண்டும். எக்ஸ், ஒய்யைத் தொடக் கூடாது.

தானாகத் தொட்டு அளக்கும் புரோப் வைக்கலாமே என்றால், முதல் பத்து பலகைக்கு வேண்டாம் என்பேன். தாள் விரலில் பிடிக்கும் அந்த உணர்வு ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், பிறகு எந்த இயந்திரத்திலும் அது தடுமாறாது.

படி 4: ஓட்டம்

முதலில் இசட் ஜீரோவை 10 மி.மீ. உயரத்தில் வைத்துக் காற்றில் ஒரு முறை ஓட்டுங்கள். கிளாம்பில் இடிக்குமா என்று அப்போதே தெரிந்துவிடும். அதன்பின் சரியான ஜீரோவை மீண்டும் எடுத்துவிட்டுச் செதுக்கலாம்.

கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். கையுறை கூடாது, சுற்றும் பிட் அதை இழுத்துக்கொள்ளும். அடையாள அட்டை, டை, துப்பட்டா எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், முடியைக் கட்டச் சொல்லுங்கள். ஒருவர் வேலை முடியும்வரை நிறுத்தும் பொத்தானில் கை வைத்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் அந்த இடத்துக்குத்தான் போட்டி.

பின்சேர்க்கை (கருத்துகளில் கேட்டவை)

"பாதியில் நின்று, பிட் ஒரே இடத்தில் சுற்றி மரம் கருகிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். மடிக்கணினி தூக்கத்துக்குப் போயிருக்கும். கட்டளை வராவிட்டாலும் மோட்டார் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பவர் அமைப்பில் ஸ்லீப்பை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கோட்டுக்குள் கறுப்புச் சாயம் பூசினால் மர நாரில் பரவுகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். செதுக்குவதற்கு முந்தைய நாளே பலகையின் மேல் வார்னிஷ் ஒரு கை பூசிக் காயவிடுங்கள். செதுக்கியதும் அக்ரிலிக் சாயத்தைக் கோட்டில் நிரப்பி, நன்றாகக் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேயுங்கள். மேலே வழிந்த சாயம் வார்னிஷோடு போய்விடும், கோட்டுக்குள் இருப்பது நிற்கும். கடைசியில் இன்னும் இரண்டு கை வார்னிஷ், பலகையின் பின்புறமும் ஓரங்களும் சேர்த்து.

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். நாங்கள் பலகையில் இரண்டு துளை போட்டு, தேங்காய்நார்க் கயிற்றில் தளர்வாகக் கட்டியிருக்கிறோம். அடி பருக்கப் பருக்கக் கயிற்றைத் தளர்த்திக்கொள்ளலாம்.