ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு என்ன சாப்பிடுவது? வீட்டுச் சமையலிலேயே ஒரு வழி

எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பியவருக்கு நம் வீடுகளில் முதலில் கொடுப்பது கஞ்சி. அக்கறையோடுதான் கொடுக்கிறோம். ஆனால் கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை எடுத்துவிட்ட பிறகு ஒரு வேளைக்கு அரை டம்ளர் உள்ளே போனாலே பெரிது, அந்த அரை டம்ளரிலும் புரதம் இல்லையென்றால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், நடக்கத் தெம்பு இருக்காது. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். கீழே உள்ளது பொதுவான வரிசை. உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 1: முதல் 2 வாரம், குடிப்பது மட்டும்

முதல் ஓரிரு நாள் தண்ணீர், வடிகட்டிய சூப், காரமும் புளிப்பும் குறைத்து வடிகட்டிய ரசம். அப்புறம் கொழுப்பு நீக்கிய பால், மோர். மருந்து பாட்டில் மூடியில் அளந்து 30 மில்லி, கால் மணி நேரம் விட்டு இன்னொரு 30 மில்லி என்று உறிஞ்சிக்கொண்டே இருந்தால் நாளுக்கு ஒன்றரை லிட்டரை நெருங்கலாம். சோடா, கூல் டிரிங்க்ஸ் வேண்டாம். பருப்புத் தண்ணீரை நம்பாதீர்கள், சத்தெல்லாம் அடியில் தங்கிய பருப்பில்தான் இருக்கிறது. பாலில் 2 ஸ்பூன் பால் பவுடர் கலப்பது அதைவிட மேல். மீதியை டயட்டீஷியன் சொல்லும் புரோட்டீன் பவுடரால்தான் நிரப்ப முடியும்.

படி 2: 3, 4-ஆம் வாரம், மசித்தது

குழைய வேகவைத்துக் கடைந்த பாசிப்பருப்பு, தயிர், மிக்ஸியில் அடித்த பனீர், மோர் விட்டு மசித்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன். ஒரு வேளைக்கு 2 முதல் 4 டேபிள்ஸ்பூன் போதும்.

படி 3: 5, 6-ஆம் வாரம், மென்மையானது

குழம்பில் வெந்த மீன், மென்மையான முட்டைப் பொரியல், வெந்த சுரைக்காய், சாம்பாரில் ஊறிய அரை இட்லி. சோறு, சப்பாத்தி, பிரெட், வறண்ட சிக்கன் எல்லாம் கடைசியாகத்தான், இவை உள்ளே அடைத்துக்கொண்டு நெஞ்சு வலிக்கும்.

படி 4: இனி எப்போதும் சாப்பிடும் முறை

இதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் சோற்றை நடுவில் வைத்து மற்றதைத் தொட்டுக்கொள்ளும் பழக்கம் நமக்குச் சிறு வயதிலிருந்தே ஊறியது. முதலில் முட்டை, மீன், பருப்பு, பனீர், அடுத்து காய், இடம் இருந்தால் மட்டும் சோறு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் வெந்த மீனில் சுமார் 20 கிராம், இப்படிக் கூட்டிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். நெஞ்சில் அழுத்தம், விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் ஒழுகுவது, இதெல்லாம் வயிறு நிறைந்துவிட்டதற்கு அடையாளம். அதோடு நிறுத்துங்கள். “இன்னும் ஒரு வாய்தானே” என்று அம்மா சொன்னாலும், தட்டில் மிச்சம் வைப்பது தப்பில்லை.

இனிப்பில் கவனம் தேவை. சர்க்கரை அதிகமான பானம் சட்டென்று குடலுக்கு இறங்கி வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம், இரைப்பை பைபாஸ் (எடை குறைக்கச் செய்யும் இன்னொரு வகை ஆபரேஷன்) செய்தவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

படி 5: மாத்திரை

மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம் சிட்ரேட், இரும்புச்சத்து. உடம்பு நன்றாகிவிட்டது என்று பலரும் விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் இது ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியது. கால்சியத்துக்கும் இரும்புக்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள், இரும்பு மாத்திரையை டீ காபியோடு போடாதீர்கள். 3, 6, 12-ஆம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை.

ஆரம்ப வாரங்களில் காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, இதயம் வேகமாக அடிப்பது ஏதாவது வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி ஓரிரு நாளுக்கு மேல் தொடர்ந்தாலும் அப்படித்தான்: தையமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம், நடை தடுமாறுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது வரை போகும், அதற்கு மருந்தை ஊசியாகவே போட வேண்டியிருக்கும்.